டூட்டி நோட்டு மறைந்தது

வார்டு இன்சார்ஜ் சிஸ்டரின் மேஜை இழுப்பறையில் இருந்த டூட்டி நோட்டின் காலம் ஓர் ஏப்ரல் முதல் தேதியோடு முடிந்தது. நான் நர்சிங் சூப்பரின்டெண்டென்டாக இருந்து ஓய்வுபெற்ற மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். சென்னைக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய அறக்கட்டளை மருத்துவமனை அது. புது நிதியாண்டு பிறந்ததும் பணிப்பட்டியல் போடுகிற மென்பொருள் நடைமுறைக்கு வந்தது. இனி யாரும் நோட்டில் எழுதக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. பழைய நோட்டுகளைக் கட்டுக்கட்டாக ரெக்கார்டு அறைக்கு எடுத்துப் போனார்கள். அங்கிருந்து அவை பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். யாருக்காவது பிரிவு உபசாரம் என்றால் கேக் வெட்டி சால்வை போர்த்துகிற இடம் எங்கள் மருத்துவமனை. நோட்டுக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

அது நீளவாக்கில் இருக்கும் கணக்கு நோட்டு. இரண்டு பக்கத்தையும் விரித்து, மர ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் 31 கட்டம் வரும். இடது ஓரத்தில் சீனியாரிட்டி வரிசையில் பெயர்கள். மேலே தேதி, அதன் கீழே கிழமை. கட்டத்துக்குள் ஓர் எழுத்துதான்: மார்னிங்குக்கு எம், ஈவினிங்குக்கு ஈ, நைட்டுக்கு என். முதலில் எல்லாமே பென்சிலில் இருக்கும். மேட்ரன் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பேனா. நைட் மட்டும் சிவப்பு மை. பக்கத்தின் அடியில் நாள்வாரியாகக் கூட்டுத்தொகை இருக்கும்: 4-3-2. ஒரு தேதிக்குக் கீழே அது 4-3-1 என்று இருந்தால், அன்றிரவு யாரோ ஒரு பெண் முப்பது நோயாளிகளைத் தனியாகப் பார்க்கப் போகிறாள் என்று அர்த்தம். அட்டை பிய்ந்தால் ட்ரெஸ்ஸிங் டிராலியில் இருக்கும் பிளாஸ்டர்தான் பைண்டிங். பென்சில் தொலையாமலிருக்க அதை காஸ் துணியால் முதுகில் கட்டி வைத்திருப்பார்கள். அழித்து அழித்துக் காகிதம் நைந்துபோன இடங்களைத் தடவிப் பார்த்தாலே அது தீபாவளியா, கிறிஸ்துமஸா, ஓணமா என்று சொல்லிவிடலாம்.

மாதம் 20ஆம் தேதி தாண்டியதும் இன்சார்ஜ் சிஸ்டருக்கு வேறு நினைப்பே இருக்காது. 25ஆம் தேதிக்குள் அடுத்த மாத ரோஸ்டர் மேட்ரன் அறைக்குப் போக வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கங்களில் எல்லோரும் தங்களுக்கு வேண்டியதை எழுதி வைத்திருப்பார்கள். "14 தங்கச்சி நிச்சயதார்த்தம், ஆஃப் ப்ளீஸ் சிஸ்டர்." "8, 9 நைட் வேண்டாம், பையனுக்குப் பரீட்சை." "வேளாங்கண்ணி போறோம், 2 நாள்." இதையெல்லாம் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் பென்சிலை எடுப்பார்.

முதலில் போடுவது நைட். ஒரு இரவுக்கு இரண்டு பேர் என்றால் மாதத்துக்கு 60 நைட். 15 பேர் இருக்கிற வார்டில் தலைக்கு 4. நான்கையும் சேர்த்துப் போட்டுவிட்டு அடுத்த இரண்டு நாள் நைட் ஆஃப். அந்த இரண்டு பேரில் ஒருவர் கண்டிப்பாக சீனியராக இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரை ஒரே இரவில் விடக் கூடாது. நைட் முடித்து வீட்டுக்குப் போனவரை அன்று மாலையே கூப்பிடக் கூடாது. இரவு 9 மணிக்கு ஈவினிங் முடித்தவரை மறுநாள் காலை 7 மணிக்கு வரச் சொன்னால் இடையில் 10 மணி நேரம் இருப்பதாகக் காகிதம் காட்டும். மின்சார ரயில் பிடித்து செங்கல்பட்டு போய், சமைத்து, பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டி, திரும்ப ரயில் பிடிக்கிறவருக்கு அதில் தூக்கம் நான்கைந்து மணி நேரம்தான். நைட் முடிந்ததும் வாராந்திர ஆஃப். அதன் பிறகு ஈவினிங். காலியாக மிஞ்சுகிற கட்டங்களில் மார்னிங்.

கணக்கு எளிதுபோலத் தெரியும். நாளைக்கு 9 டூட்டி, 30 நாளைக்கு 270. ஒருவர் மாதம் 24 டூட்டி பார்த்தால் 12 பேர் போதும். ஆனால் மனிதர்களுக்குக் காய்ச்சல் வரும், பிரசவம் வரும், வீட்டில் சாவு விழும். இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோலே விடுப்புக்கென்று 30 சதவீதம் கூடுதல் ஆட்களைச் சேர்க்கச் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் 15 பேர். அந்த 15 பேர் எந்த மருத்துவமனையிலும் முழுசாக இருந்து நான் பார்த்ததில்லை. இருக்கிற ஆட்களை வைத்து இல்லாத ஆட்களின் வேலையை ஈடுகட்டுவதுதான் ரோஸ்டர்.

இதில் எவ்வளவு சிக்கல் இருக்கிறது என்று கணிதக்காரர்களுக்குத் தெரியும். 15 பேர், 30 நாள் என்றால் 450 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் மார்னிங், ஈவினிங், நைட், ஆஃப் என்ற நான்கில் ஒன்று வரலாம். மொத்தம் எத்தனை விதமாக அந்தப் பக்கத்தை நிரப்பலாம் என்று பெருக்கினால் 271 இலக்கம் கொண்ட எண் வரும். 1976இல் 'ஆபரேஷன்ஸ் ரிசர்ச்' என்ற அமெரிக்க ஆய்வுப் பத்திரிகையின் ஒரே இதழில் செவிலியர் பணிப்பட்டியலைக் கணித முறையில் போடுவது பற்றி இரண்டு கட்டுரைகள் வந்தன. அவற்றில் ஒன்று, செவிலியருக்கு எந்த டூட்டி எவ்வளவு பிடிக்காது என்பதையே எண்ணாக மாற்றிக் கணக்கில் சேர்த்தது. 2010இல் இதற்கென்றே சர்வதேசப் போட்டி வைத்தார்கள். எந்த நிரல் நல்ல ரோஸ்டர் போடுகிறது என்று பார்க்க ஆராய்ச்சியாளர்கள் மோதினார்கள். அதே கணக்கைத்தான் டிப்ளமா நர்சிங் முடித்த பெண்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வார்டில் கொஞ்சம் அமைதி வந்த நேரத்தில், ஒரு பென்சிலோடு உட்கார்ந்து போட்டார்கள். 271 இலக்க எண்ணை அவர்கள் தேடிப் போகவில்லை. அந்த 15 பேரையும் தெரியும் என்பதால் 450 கட்டங்களில் பாதி, பென்சில் எடுக்கும் முன்பே நிரம்பியிருக்கும்.

எனக்குக் கீழே வேலை பார்த்த ஓர் இன்சார்ஜ், பெயர் எழுதுகிற ஓரத்தில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சிறு புள்ளி வைப்பார். நோட்டில் எங்கும் அதற்கு விளக்கம் இருக்காது. புள்ளி வைத்த மாதத்தில் அந்தப் பெண்ணுக்குத் தொடர் நைட் வராது. போர்ட்டபிள் எக்ஸ்ரே எடுக்கும்போது உடன் நிற்க வேண்டிய படுக்கைகள் அவளுக்குப் போகாது. ஐந்தாறு வாரக் கர்ப்பம். இன்னும் மாமியாருக்குக்கூடச் சொல்லவில்லை. மருந்து அறையில் வைத்து "அக்கா, ஒரு விஷயம்" என்று இன்சார்ஜிடம் மட்டும் சொல்லியிருப்பாள். விடுப்பு விண்ணப்பமும் இல்லை, மருத்துவச் சான்றிதழும் இல்லை, பர்சனல் டிபார்ட்மென்டுக்குத் தகவலும் இல்லை. ஆனாலும் அந்த மாத ரோஸ்டர் அவளைக் காப்பாற்றும். அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவதுதான் மேட்ரனாக இருந்த என் வேலை.

இது வெறும் மனிதாபிமானச் சலுகை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரை, நர்சிங் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்று கூடினால், அறுவைச் சிகிச்சை நோயாளிகள் 30 நாளைக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அது கண்டது. இரவுப் பணி உடலுக்குச் செய்வதும் பதிவாகியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் 2007இல் சேர்த்தது, 2019இல் மறுபடியும் பரிசீலித்து உறுதிசெய்தது. ஒரு கட்டத்தில் எந்த எழுத்து விழுகிறது என்பது நோயாளியின் உயிரையும் செவிலியரின் உடம்பையும் தொடுகிற விஷயம். நோட்டு அந்த எடையைச் சுமந்தது.

அதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் பேசுவது இந்த நோட்டுக்கு நியாயம் செய்யாது. பென்சில் யார் கையில் இருந்ததோ அவர் கையில் அதிகாரமும் இருந்தது. இன்சார்ஜை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிய பெண்ணுக்கு அடுத்த தீபாவளி நைட்டில் கழியும். அதற்கடுத்த தீபாவளியும் அப்படியே. ஒவ்வொரு மாதமும் புதுப் பக்கம் என்பதால் போன வருடம் யாருக்கு அநியாயம் நடந்தது என்று நோட்டு ஞாபகப்படுத்தாது. கேரளத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண்கள் அதிகம் பட்டார்கள். "காம்பவுண்டுக்குள்ளதானே இருக்கீங்க" என்று சொல்லி, யார் வராவிட்டாலும் அவர்களைத்தான் டபுள் டூட்டிக்கு எழுப்புவார்கள். அந்தக் கூடுதல் டூட்டி பல நேரம் நோட்டில் ஏறாது. நோட்டில் ஏறாதது சம்பளத்திலும் ஏறாது. மென்பொருள் வருகிறது என்றதும் இளம் செவிலியர்கள் மகிழ்ந்தார்கள் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். நோட்டுக்குப் பதில் எதை வாங்குவது என்று முடிவெடுத்த விதத்தில்.

இந்த மென்பொருள்களின் பூர்வீகத்தைப் பார்த்தால் பல, வருகைப்பதிவுக் கடிகாரத்தின் வம்சத்தில் பிறந்தவை. இந்தத் துறையில் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான குரோனோஸ், 1977இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கியது. நுண்செயலி வைத்த வருகைக் கடிகாரத்தை 1979இல் கொண்டுவந்து வளர்ந்த நிறுவனம் அது. 2020இல் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து யு.கே.ஜி. ஆனது. ஆள் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், எவ்வளவு சம்பளம் என்பது அந்த வம்சத்தின் முதல் கேள்வி. டூட்டி நோட்டின் முதல் கேள்வி இன்றிரவு வார்டில் யார் இருப்பார்கள் என்பது. இரண்டு கேள்விக்கும் ஒரே பெட்டியில் விடை கிடைக்கலாம். ஆனால் வாங்குபவர் எந்தக் கேள்வியோடு கடைக்குப் போகிறார் என்பதைப் பொறுத்துதான் எது கிடைக்கும்.

எங்கள் தேர்வுக் குழுவில் நிர்வாக அலுவலர், நிதி, பர்சனல், கணினிப் பிரிவு என்று எல்லோரும் இருந்தார்கள். நர்சிங் சார்பில் நான் மட்டும். ரோஸ்டர் போடுகிற இன்சார்ஜ் ஒருவர்கூட இல்லை. விற்பனைக்கு வந்தவர்கள் திரையில் ஒரு மாதிரி வார்டைக் காட்டினார்கள். அதில் பத்து செவிலியர்கள். ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை, ஒருவரும் வேலையை விட்டுவிட்டு அபுதாபி போகவில்லை. பொத்தானை அழுத்தியதும் பச்சையும் மஞ்சளுமாக மாதம் நிரம்பியது. அறையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பிறகு கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாம் விரல்ரேகைக் கருவியோடு இணையுமா, சம்பளப் பட்டியலுக்கு நேரே போகுமா, ஓவர்டைமைக் குறைக்குமா என்பவைதான். ஒரு செவிலியரும் இன்னொருவரும் டூட்டி மாற்றிக்கொள்ள எத்தனை பேர் அனுமதி வேண்டும் என்று நான் கேட்டேன். "அது கான்ஃபிகர் பண்ணிக்கலாம் மேடம்" என்று பதில் வந்தது. மூன்று பேர் அனுமதி என்று கான்ஃபிகர் செய்தார்கள். அதுவும் 24 மணி நேரத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

விளைவு என்ன என்று சொல்கிறேன். பிள்ளைக்கு நடுராத்திரி வாந்தி எடுத்தால் 24 மணி நேரத்துக்கு முன்பே எந்தத் தாய்க்கும் தெரியாது. அதனால் செவிலியர்கள் வாட்ஸ்அப்பில் பேசி டூட்டியை மாற்றிக்கொண்டார்கள். மென்பொருளில் பழைய பெயரே நின்றது. நோட்டில் ஒருவர் பெயரை அடித்து இன்னொருவர் பெயரை எழுதி இன்சார்ஜ் சுருக்கொப்பம் போடுவார்; எந்தக் கை எழுதியது என்று பார்த்தாலே தெரியும். ஒரு மருந்துத் தவறு நடந்து விசாரணை வந்தால், அன்றிரவு அந்தப் படுக்கைக்கு யார் பொறுப்பு என்பதுதான் முதல் கேள்வி. திரை காட்டுகிற பெயரும் கட்டிலருகே நின்ற ஆளும் வேறு வேறாக இருந்தால், அந்தப் பதிவேட்டை நம்பி யாரைக் கேட்பது?

விரல்ரேகைக் கருவியும் இதோடு சேர்ந்துகொண்டது. காலை 7 மணிக்கு ஏழு நிமிடம் பிந்தினால் தாமதம். மூன்று தாமதம் சேர்ந்தால் அரை நாள் விடுப்பு போகும். இரவு நோயாளி மோசமாகி, ஹேண்ட் ஓவர் கொடுக்க முக்கால் மணி நேரம் கூடுதலாக நின்ற செவிலியரின் நேரத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை, ஏனென்றால் ஓவர்டைம் என்று முன்கூட்டியே யாரும் ஒப்புதல் தரவில்லை. நோட்டுக் காலத்தில் இன்சார்ஜ் அதைப் பார்த்திருப்பார். அடுத்த வாரம் ஒரு நாள் "நீ சீக்கிரம் கிளம்பும்மா" என்பார். கணக்கு எழுதாமலே நேராகிவிடும்.

இதைச் சரியாகச் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் மின்னணுப் பணிப்பட்டியல் பரவலாகிவிட்டது. கார்ட்டர் பிரபு 2016இல் கொடுத்த அறிக்கை அதை ஒழுங்காகப் பயன்படுத்தும்படி வலியுறுத்தியது. ரோஸ்டரைக் குறைந்தது 6 வாரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும் என்பது அங்கே வழிகாட்டல். எங்கள் நோட்டில் ஐந்தாறு நாளைக்கு முன்புதான் அடுத்த மாதம் தெரியும். குடும்பம் நடத்துகிற பெண்ணுக்கு 6 வாரம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி! ஆனால் அதே அறிக்கை கொண்டுவந்த அளவுகோலைப் பாருங்கள். ஒரு நாளின் மொத்தச் செவிலியர் நேரத்தை, நள்ளிரவில் வார்டில் இருக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். காலையில் சேர்ந்து மாலையில் வீட்டுக்குப் போகிற கண்புரை நோயாளி அந்த நள்ளிரவுத் தலையெண்ணிக்கையில் வர மாட்டார். அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்து, சொட்டு மருந்து போட்டு, வீட்டாருக்கு விளக்கிச் சொன்ன செவிலியரின் நேரம் மட்டும் செலவாகப் பதிவாகும். எண் எங்கே பிசகும் என்று வார்டில் நிற்பவருக்குத் தெரியும். அவரைக் கேட்டுத்தான் எண்ணை வாங்க வேண்டும்.

இன்னொன்றும் யாரும் கேட்கவில்லை: இது நின்றுபோனால் என்ன செய்வோம்? 2021 டிசம்பரில் குரோனோஸின் கணினிச் சேவை ஒன்றின் மீது பணம் கேட்டு மிரட்டும் தாக்குதல் நடந்தது. அமெரிக்காவில் அதை நம்பியிருந்த மருத்துவமனைகள் பல, வாரக்கணக்கில் காகிதத்தில் வருகை எழுதிச் சம்பளம் கணக்கிட்டன. அது ஒமைக்ரான் பரவிக்கொண்டிருந்த டிசம்பர்.

நெருக்கடி காலத்துப் பக்கங்கள் இரண்டு என் மனதை விட்டு அகலவில்லை. ஒன்று 2015 டிசம்பர். முதல் தேதி இரவு மழை ஊற்றி, அடையாறு பெருகி, முடிச்சூர் மூழ்கியது. இரண்டாம் தேதி காலை டூட்டிக்கு வர வேண்டியவர்களில் பாதிப் பேர் வர முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் வெளியே போகவில்லை. அந்தத் தேதிகளில் ஒரே கட்டத்துக்குள் மூன்று எழுத்தையும் நெருக்கி எழுதியிருந்தார்கள்: எம், ஈ, என். எந்த மென்பொருளும் அதை விதிமீறல் என்று சிவப்பாகக் காட்டும், காட்டத்தான் வேண்டும். ஆனால் எழுதவே விடாமல் பூட்டினால் அந்த மூன்று நாளும் வார்டில் யார் இருந்தார்கள் என்ற உண்மை எங்குமே இருக்காது. இன்னொன்று 2020 ஜூன். ஒரு வாரம் கொரோனா வார்டு, அடுத்த வாரம் தனிமைப்படுத்தல் என்று பக்கம் முழுதும் பாதிபாதியாகப் பிரிந்திருந்தது. யாருக்கு வீட்டில் வயதான பெற்றோர், யாருக்குச் சர்க்கரை என்று பார்த்துப் பார்த்து இன்சார்ஜ்கள் பெயர் எழுதினார்கள். தொற்று உறுதியானவரின் பெயருக்கு நேரே கோடு இழுத்து, ஓரத்தில் 'பாசிட்டிவ்' என்று எழுதி, திரும்பி வந்த தேதியைப் பச்சை மையில் குறித்திருந்தார்கள். எங்கள் மருத்துவமனையில் அந்த ஆண்டின் வரலாறு இவ்வளவு துல்லியமாக வேறு எங்கும் எழுதப்படவில்லை. அந்தக் கட்டும் எடைக்குப் போயிருந்தால் அது பெரிய நஷ்டம்.

நோட்டு இன்னும் உயிரோடிருக்கிற மருத்துவமனைகள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. அங்கே இப்போது விலைப்புள்ளி கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: விற்க வருபவர்கள் கொண்டுவரும் மாதிரி வார்டைப் பார்க்காதீர்கள். உங்கள் நோட்டிலிருந்து மூன்று மாதங்களை எடுத்துக் கொடுங்கள்: தீபாவளி வந்த மாதம் ஒன்று, 2020இல் ஒன்று, ஒரே நேரத்தில் மூன்று பேர் ராஜினாமா செய்த மாதம் ஒன்று. பெயர்களை மட்டும் மறைத்துவிடுங்கள். அன்றிருந்த ஆட்களையும் அன்றைய விடுப்புகளையும் வைத்து அந்த மூன்றையும் அவர்கள் மென்பொருளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நடுராத்திரி டூட்டி மாற்றம் ஒன்றைச் செவிலியர் தன் கைபேசியில் தமிழில் பதிவு செய்து, இன்சார்ஜ் ஒருவர் ஒப்புதலோடு முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். விதியை மீறி எழுத வேண்டி வந்தால் காரணத்தை எழுத இடம் இருக்கிறதா, அந்தக் காரணத்தை யார் யார் படிக்க முடியும் என்று கேளுங்கள். போன மூன்று பண்டிகைகளில் நைட் பார்த்தவர் யார் என்று ஒரே பார்வையில் காட்டுமா என்றும் கேளுங்கள்; நோட்டால் முடியாதது அது. இணையம் அறுந்தால் வார்டில் ஒட்ட அச்சிட்ட தாள் தினமும் வருமா என்பதையும் விட்டுவிடாதீர்கள். அந்தக் கூட்டத்தில் ரோஸ்டர் போடுகிற இன்சார்ஜ் சிஸ்டர்கள் இரண்டு பேராவது உட்கார வேண்டும். அவர்களை ஆஃப் நாளில் வரச் சொல்லாதீர்கள். அன்றைக்கு அவர்கள் கட்டத்தில் மார்னிங் என்று போட்டு, வார்டுக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்துவிட்டுக் கூப்பிடுங்கள்.